பலம் 17, கை மட்டும் ஒல்லி: வீடியோ கேம் நாயகிகளுக்குத் தசை ஏன் எளிதில் கிடைப்பதில்லை?

புதிதாக ஒரு ரோல் பிளேயிங் கேம் வாங்குகிறீர்கள். கேரக்டர் கிரியேட்டர் திறக்கிறது. பெண் கேரக்டர், பார்பேரியன் வகுப்பு என்று தேர்வு செய்கிறீர்கள். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கோடரிதான் ஆயுதம். பலத்துக்கான எண்ணை எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்றியாச்சு. அப்புறம் திரையில் நிற்கும் உருவத்தைப் பார்த்தால், அந்தக் கோடரியின் கைப்பிடியை விட அவருடைய கை ஒல்லியாக இருக்கிறது.

மூக்கின் அகலத்தை மாற்றலாம். கண் இமையின் நிறத்தை மாற்றலாம். முடிக்கு நாற்பது ஸ்டைல் இருக்கும். தோளை மட்டும் அகலமாக்க முடியாது. ஆர்.பி.ஜி. கேம் ஆடுபவர்களுக்கு இது பழகிப்போன எரிச்சல். 'கேம்தானே, இதில் என்ன இருக்கு?' என்று கடந்துபோகலாம். ஆனால், ஒரு கேம் பலம் என்பதை யாருடைய உடலில் காட்டச் சம்மதிக்கிறது என்பது வெறும் அலங்கார விஷயம் இல்லை. அதன் பின்னால் தொழில்நுட்பமும் இருக்கிறது, செலவுக் கணக்கும் இருக்கிறது, பழைய மனத்தடையும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எண்ணில் வந்த சமத்துவம்

இன்றைய ஆர்.பி.ஜி. கேம்களில் பெரும்பாலானவற்றுக்கு மூதாதை 'டங்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற, மேசையில் பகடை உருட்டி ஆடும் விளையாட்டு. பலம், சுறுசுறுப்பு, அறிவு என்று ஒரு கதாபாத்திரத்தை எண்களாகப் பிரித்துக் காட்டும் பழக்கம் அங்கிருந்துதான் வந்தது.

1978-ல் வெளியான அதன் 'அட்வான்ஸ்டு' பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டில் ஒரு விதி இருந்தது. மனித இனப் போர்வீரர்களில் ஆணுக்குப் பலத்தின் உச்சம் 18/00, அதாவது நூற்றுக்கு நூறு. பெண்ணுக்கு உச்சம் 18/50. டிராகனும் மந்திரவாதியும் உலவும் உலகத்தில் பெண்ணின் புஜபலத்துக்கு மட்டும் பாதியில் ஒரு கோடு! 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த விதி நீக்கப்பட்டது. அதற்குப் பிறகு இந்த விளையாட்டில் ஆணும் பெண்ணும் ஒரே எண்ணை எட்டலாம்.

விதிப் புத்தகத்தில் பிரச்னை முடிந்துவிட்டது. ஆனால் கணினித் திரையில் உருவம் வரையத் தொடங்கியபோது, எண்ணில் தூக்கிய தடை உடலில் வந்து உட்கார்ந்துகொண்டது. பலம் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறலாம், தோற்றம் மட்டும் ஏறக்கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே பல கேம்களில் அதுதான் விதி.

சிஜே ஜிம்முக்குப் போனார், வி போகவில்லை

உடலை மாற்றுவது முடியாத காரியமா? 2004-லேயே முடிந்தது. 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' ஆடாத 90ஸ் கிட்ஸ் குறைவு. அதில் சிஜேயை ஜிம்முக்கு அழைத்துப்போனால் தசை ஏறும். பர்கராகத் தின்ன வைத்தால் தொப்பை விழும். பிளேஸ்டேஷன் 2-வின் சொற்ப நினைவகத்திலேயே அது நடந்தது.

இப்போது 2020 டிசம்பரில் வந்த 'சைபர்பங்க் 2077'-க்கு வருவோம். அதில் நாயகன் அல்லது நாயகி பெயர் வி. வியின் திறன்களில் ஒன்றின் பெயரே 'பாடி'. அதை 20 வரை ஏற்றலாம். போதுமான அளவு ஏற்றினால் பூட்டிய கதவைக் கையாலேயே பிளந்து திறக்கலாம். ஆனால் 3-ல் தொடங்கிய பெண் வியும் 20-ஐத் தொட்ட பெண் வியும் பார்க்க ஒரே ஆள்தான். பல்லின் வடிவத்தைக்கூட மாற்றவிட்ட அந்த கேம், தசைக்கு ஒரு ஸ்லைடர் தரவில்லை. இது ஆண் விக்கும் பொருந்தும் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் ஆண் உருவத்தின் தொடக்கப் புள்ளியே கட்டான உடல். பெண் உருவத்தின் தொடக்கப் புள்ளி மெலிந்த உடல். மாற்ற முடியாத இடத்தில் தொடக்கப் புள்ளிதான் எல்லாமே.

யார் கொடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள்?

இதை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

ஸ்லைடர்: 2011-ல் வந்த 'ஸ்கைரிம்' ஒரே ஒரு எடை ஸ்லைடர் தந்தது. ஒரு முனையில் மெலிந்த உடல், மறுமுனையில் கனத்த உடல். 2015-ல் 'ஃபால்அவுட் 4' இதை முக்கோணமாக்கியது. ஒல்லி, தசை, பருமன் என மூன்று மூலைகள். நடுவில் எங்கே புள்ளி வைத்தாலும் அதற்கேற்ற உடல். 2023-ன் 'ஸ்டார்ஃபீல்டு' கேமிலும் இதே முக்கோணம்தான். 2024 அக்டோபரில் வந்த பயோவேரின் 'டிராகன் ஏஜ்: தி வெயில்கார்ட்' இன்னும் ஒரு படி மேலே போய், உடலின் பல பகுதிகளைத் தனித்தனியாக மாற்றும் வசதி கொடுத்தது.

ஆன்/ஆஃப் பட்டன்: 2022-ன் 'எல்டன் ரிங்' கேமில் தசை என்று ஒரு தேர்வு இருக்கிறது. சாதாரணம் அல்லது தசைப்பிடிப்பு, இரண்டில் ஒன்று. கூடவே கை, கால், மார்பு, வயிறு ஆகியவற்றின் அளவுக்கு ஸ்லைடர்கள். எளிமையான வழி. ஆனால் இரண்டு உடல் வகைக்கும் ஒன்றுபோலக் கிடைக்கிறது. அதுதான் முக்கியம்.

ரெடிமேட் உடல்கள்: 2023-ன் 'பால்டர்ஸ் கேட் 3' இந்த வகை. பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டுடியோஸ் உருவாக்கிய இந்த கேமில் நான்கு உடல் வகைகள். அவற்றில் ஒன்று, அகன்ற தோளும் தசையும் கொண்ட பெண் உடல். கேமில் உடன் வரும் கார்லாக் என்ற பார்பேரியனுக்கும் இதே போன்ற உடல்வாகுதான். ஆனால் ஒரு 'கண்டிஷன்ஸ் அப்ளை' இருக்கிறது. மனிதர், எல்ஃப், டீஃப்ளிங் போன்ற சில இனங்களுக்குத்தான் அந்த உடல். குள்ளர் இனப் பெண்ணாக ஆட விரும்பினால் கிடைக்காது. நடுவில் நிறுத்திவைக்க ஸ்லைடரும் கிடையாது.

வகுப்போடு வரும் உடல்: டையாப்லோ வரிசை இதற்கு உதாரணம். 2000-ல் வந்த இரண்டாம் பாகத்தில் பார்பேரியன் என்றாலே ஆண்தான். 2012-ன் மூன்றாம் பாகத்தில் பெண் பார்பேரியன் வந்தார், நல்ல கட்டுமஸ்தான உடலோடு. 2023-ன் நான்காம் பாகத்திலும் அப்படியே. இங்கே தசை இருக்கிறது, தேர்வு இல்லை. தசைப்பிடிப்பான மந்திரவாதிப் பெண் வேண்டும் என்று கேட்டால் வழியில்லை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். சமீப ஆண்டுகளில் பல கேம்கள் 'ஆண், பெண்' என்று கேட்பதற்குப் பதிலாக 'உடல் வகை ஏ, உடல் வகை பி' என்று கேட்கின்றன. பாலின அடையாளத்தை உடலோடு முடிச்சுப்போடாமல் இருக்க எடுத்த முயற்சி அது. அதற்கான நியாயம் தனி. ஆனால் 'உடல் வகை' என்று பலகை மாட்டியிருப்பதால் மட்டும் உடலில் வகைகள் வந்துவிடாது. பல கேம்களில் பலகை மாறியிருக்கிறது, உள்ளே இருப்பது அதே இரண்டு பொம்மைகள்தான்.

ஒரு ஸ்லைடருக்குப் பின்னால் எவ்வளவு வேலை?

'ஒரு ஸ்லைடர் வைக்க என்ன கஷ்டம்?' என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: கஷ்டம் இருக்கத்தான் செய்கிறது.

கேம் உருவம் என்பது இரண்டு அடுக்கு. உள்ளே அசையும் எலும்புக்கூடு. மேலே தோல் போலப் போர்த்திய வலை. எலும்பு அசைந்தால் வலை அதோடு இழுபடும். ஸ்லைடர் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஸ்கைரிம் நல்ல உதாரணம். அதில் ஒவ்வொரு உடலுக்கும் இரண்டு கோப்புகள். ஒன்று மிக மெலிந்தது, மற்றொன்று மிகக் கனத்தது. நீங்கள் ஸ்லைடரை நகர்த்தும்போது இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவத்தை கேம் கணக்கிட்டுக் காட்டுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

சிக்கல் உடலில் இல்லை, உடையில். ஒரு கேமில் 200 கவசங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரெடிமேட் உடல்கள் நான்கு என்றால், ஒவ்வொரு கவசமும் நான்கு உடலுக்கும் பொருந்த வேண்டும். 800 பொருத்தங்கள். கணினி பாதி வேலையைச் செய்தாலும், தோள்பட்டை இரும்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறதா என்று யாராவது பார்த்தே ஆக வேண்டும். தடித்த கையை மடக்கினால் மார்புக்குள் புகுந்துவிடும். இருவர் கட்டியணைக்கும் காட்சியில் ஒருவரின் கை மற்றவரின் முதுகைத் துளைக்கும். உயரம் மாறினால் கேமரா கோணம் மாறும். பால்டர்ஸ் கேட் 3 போல, சினிமா பாணியில் காட்சிகளை அடுக்கிய கேம் ஸ்லைடரைத் தவிர்த்து நான்கு உடலோடு நின்றதை இந்தக் கோணத்தில் புரிந்துகொள்ளலாம்.

ஆனால் 'கஷ்டம்' என்ற சொல்லை அப்படியே நம்பவும் முடியாது. 2014-ல் யூபிசாஃப்ட் நிறுவனம் 'அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி' கேமின் கூட்டு ஆட்டத்தில் பெண் கேரக்டர் இல்லாததற்கு விளக்கம் தந்தது. அனிமேஷன், குரல், உடை என்று வேலை இரட்டிப்பாகும் என்றார் அதன் படைப்பு இயக்குநர் அலெக்ஸ் அமான்சியோ. அதே வரிசையின் முந்தைய பாகம் ஒன்றில் பணியாற்றிய அனிமேட்டர் ஜொனாதன் கூப்பர், ஓரிரு நாள் வேலைதான் அது என்று பொதுவெளியில் மறுத்தார். நான்கே ஆண்டுகளில், 2018-ல், அதே நிறுவனத்தின் 'அசாசின்ஸ் க்ரீட் ஒடிசி' வந்தது. அதில் கசாண்ட்ரா என்ற பெண் வீரர், உரமேறிய கைகளோடு, முழு கேமையும் தோளில் சுமந்தார். நான்கு ஆண்டுகளில் தொழில்நுட்பம் அப்படியொன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை. எதை முதலில் செய்வது என்ற வரிசைதான் மாறியது.

கேம் உருவாக்கத்தில் எல்லாமே வரிசைப் பிரச்னைதான். குதிரையின் வால் காற்றில் ஆடுவதற்கு நேரம் ஒதுக்கப்படுகிறது என்றால், அதை யாரோ முக்கியம் என்று நினைத்தார்கள் என்று பொருள். நாயகியின் தோளுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை என்றால், அதை யாரும் முக்கியம் என்று நினைக்கவில்லை என்று பொருள்.

ஃபேபிள் கற்றுத்தந்த பாடம்

எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஒரு நியாயத்தையும் பார்த்துவிடலாம். 2008-ல் வந்த, லயன்ஹெட் ஸ்டுடியோஸ் உருவாக்கிய 'ஃபேபிள் 2', எண்ணையும் உடலையும் நேரடியாக இணைத்தது. பலத்தில் புள்ளிகள் போட்டால் உடல் தடிக்கும். லட்சியத் திறனில் போட்டால் உயரம் கூடும். நாயகனுக்கும் நாயகிக்கும் ஒரே விதி.

காகிதத்தில் பார்த்தால் இதைவிட நேர்மையான வடிவமைப்பு கிடையாது. ஆனால் ஆடியவர்களில் ஒரு பகுதியினருக்கு இது பிடிக்கவில்லை. வாளை நன்றாக வீச வேண்டும் என்பதற்காகப் புள்ளி போட்டால், கேட்காமலே தன் நாயகியின் உருவம் மாறிவிடுகிறதே என்பது அவர்கள் குறை. அதில் பெண் உடல் பற்றிய ஒவ்வாமையும் கலந்திருக்கலாம். ஆனால் அடிப்படைக் குறையில் நியாயம் இருக்கிறது. ஒல்லியான உடலைத் திணிப்பது தவறு என்றால், தடித்த உடலைத் திணிப்பதும் தவறுதான்.

ஆக, தீர்வு 'எல்லா நாயகிகளுக்கும் சிக்ஸ் பேக்' என்பது இல்லை. தேர்வு, அது ஆடுபவர் கையில். அவ்வளவுதான் கோரிக்கை.

'அப்படி உடம்பு இருக்கவே முடியாது'

தசைப்பிடிப்பான பெண் கேரக்டர் வந்தவுடன் வழக்கமாக எழும் வாதம் இது. 2020 ஜூனில் நாட்டி டாக் நிறுவனத்தின் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' வந்தபோது இந்த வாதம் உச்சத்துக்குப் போனது. அது ஆர்.பி.ஜி. கிடையாது. ஆனால் அந்தச் சம்பவத்தைத் தவிர்த்துவிட்டு இதைப் பேச முடியாது. அதன் முக்கியக் கதாபாத்திரங்களில் ஒருவரான ஆபிக்குத் திரண்ட தோள், பருத்த கைகள். 'ஒரு பெண்ணுக்கு இது சாத்தியமே இல்லை' என்று இணையத்தில் பலர் எழுதினார்கள். ஆபியின் உடலுக்கு மாதிரியாக இருந்தவர் கோலீன் ஃபோட்ச் என்ற கிராஸ்ஃபிட் வீராங்கனை. சாத்தியமில்லை என்று சொல்லப்பட்ட உடலோடு ஒருவர் தினமும் பயிற்சி செய்துகொண்டிருந்தார்.

கதையில் ஆபி செய்யும் ஒரு காரியமும் அந்தக் கோபத்துக்குக் காரணம் என்பது உண்மை. ஆனால் கோபம் திரையோடு நிற்கவில்லை. ஆபிக்குக் குரலும் நடிப்பும் தந்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. 2020 ஜூலையில் அவரே அவற்றைப் பகிர்ந்தார். ஒரு கற்பனைப் பாத்திரத்துக்காக நிஜ மனுஷிக்கு மிரட்டல்.

பலமான பெண் உடல் என்றால் ஒரே ஒரு வடிவம்தான் என்று நினைப்பதும் தவறு. டோக்கியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். அதே ஒலிம்பிக்கில் 87 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவில் சீனாவின் லீ வென்வென் மொத்தம் 320 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டு வெவ்வேறு உடல்கள். இரண்டுமே பலம்தான். பல கேம்கள் இந்த இருவரில் ஒருவரைப் போலவும் நாயகியை உருவாக்க விடுவதில்லை என்பதுதான் வேடிக்கை. 'யதார்த்தம்' என்று வாதம் செய்பவர்கள் பார்க்க வேண்டிய யதார்த்தம் இதுதான்.

பார்ப்பவரா, ஆடுபவரா?

சினிமாவில் நாயகியைப் பார்க்கிறோம். ஆர்.பி.ஜி. கேமில் நாயகியாக இருக்கிறோம். 100 மணி நேரம் ஆடும் கேமில் அந்த உருவம்தான் ஆடுபவரின் உடல். உருவத்துக்கும் நடத்தைக்கும் தொடர்பு உண்டா என்று ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் இருவரும் ஆராய்ந்தார்கள். 2007-ல் வெளியான அந்த ஆய்வில், உயரமான மெய்நிகர் உருவம் கொடுக்கப்பட்டவர்கள், குட்டையான உருவம் கிடைத்தவர்களை விடப் பேரம் பேசுவதில் கறாராக நடந்துகொண்டார்கள். இதற்கு 'புரோட்டியஸ் விளைவு' என்று பெயர். தசையுள்ள நாயகியாக ஆடினால் மறுநாளே ஜிம்மில் சேர்ந்துவிடுவார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் திரையில் அணியும் உடல் ஆடுபவரின் மனதில் எதையும் செய்வதில்லை என்று இனி சொல்ல முடியாது.

'கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தானே' என்ற வாதத்துக்கும் பதில் இருக்கிறது. ஸ்கைரிமுக்கு ரசிகர்களே உருவாக்கிய உடல் மாற்று மாட்கள் ஏராளம். அவற்றில் கவர்ச்சிக்காகச் செய்தவை நிறைய என்பதை மறைக்க வேண்டியதில்லை. தசைக்காகச் செய்தவையும் உண்டு. சம்பளம் வாங்காமல், இரவெல்லாம் உட்கார்ந்து, நிறுவனம் தராத தோளை ரசிகர்கள் தாங்களே செதுக்குகிறார்கள். தேவை இல்லாத இடத்தில் இந்த உழைப்பு நடக்காது. ஆனால் மாட் என்பது பெரும்பாலும் கணினிக்காரர்களின் சலுகை. கன்சோலில் ஆடுபவர், கேம் என்ன தருகிறதோ அதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

என்ன செய்யலாம்?

முடியாத எதையும் யாரும் கேட்கவில்லை. ஏற்கெனவே வேறு வேறு கேம்களில் இருப்பவற்றை ஒரே இடத்தில் கேட்கிறார்கள்.

1. ஆண் உருவத்துக்குத் தசைத் தேர்வு இருந்தால், பெண் உருவத்துக்கும் அதே அளவு இருக்க வேண்டும். எல்டன் ரிங் இதைச் செய்துகாட்டிவிட்டது.

2. உடல் வகை சில இனங்களுக்கு மட்டும் என்று ஒதுக்கக் கூடாது. செலவு காரணமாக முடியவில்லை என்றால், கேமை வாங்கும் முன்பே தெரியும்படி சொல்ல வேண்டும்.

3. பலம் ஏற ஏற உடலும் மாறுவது ஒரு நல்ல யோசனை. அதை ஆன், ஆஃப் செய்யும் பட்டன் செட்டிங்ஸில் இருந்தால் ஃபேபிளின் சிக்கல் வராது.

4. உடல்வாகை ஆட்டத்தோடு இணைக்கவும் வழி உண்டு. 2012-ல் கேப்காமின் 'டிராகன்ஸ் டாக்மா'வில் கேரக்டரின் எடையைப் பொறுத்து எவ்வளவு சுமக்கலாம், எவ்வளவு சீக்கிரம் களைப்பு தீரும் என்பது மாறியது. பெரிய உடலுக்கு ஒரு லாபம், சிறிய உடலுக்கு வேறொரு லாபம். அங்கே உடல் என்பது பார்ப்பதற்கு மட்டுமல்ல.

5. கவசம் போட்ட பிறகும் அந்த உடல் தெரிய வேண்டும். கேரக்டர் கிரியேட்டரில் தசையைக் கொடுத்துவிட்டு, முதல் கவசத்தை மாட்டியதும் பழைய இடுப்பு திரும்பி வந்தால் அது ஏமாற்று வேலை.

ஆடுபவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. விமர்சனம் எழுதும்போது கிராஃபிக்ஸ், ஃபிரேம் ரேட், கதை என்று பட்டியல் போடுகிறோம். கேரக்டர் கிரியேட்டருக்கும் அதில் ஒரு வரி ஒதுக்கலாம். எந்த உடல் இருக்கிறது, எது இல்லை என்று எழுதலாம். கேம் நிறுவனங்கள் தங்கள் வேலை வரிசையை இப்படி வரும் கருத்துகளையும் விற்பனைக் கணக்கையும் பார்த்துத்தான் மாற்றுகின்றன.

1989-ல் விதிப் புத்தகத்திலிருந்து ஒரு வரியை நீக்கியபோது யாருடைய விளையாட்டும் கெட்டுப்போகவில்லை. 18/50-ல் நின்றிருந்த பெண் போர்வீரர் மேலே ஏறினார், ஆட்டம் தொடர்ந்தது. இப்போது பாக்கி இருப்பது ஒரு ஸ்லைடர். அதை வலது கோடிக்கு நகர்த்துவதா, இடது கோடியிலேயே விடுவதா என்பதை ஆடுபவர் பார்த்துக்கொள்வார்.